ரயில் பார்க்காதவர்களின் கணக்கு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நாற்பத்தொரு வயதில் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுதியதற்குப் பாதிக் காரணம் ஒரு மிஸ், மீதிக் காரணம் இந்தக் கோபம்தான்.

வீடு டாலிகஞ்சில், நிக்கோபாருக்கு வடக்கே உள்ள தீவில். கூப்பிடு தூரத்தில் ஓர் அங்கன்வாடி. அதில் அப்போது பதினாறு வருஷமாக நான் ஹெல்ப்பர். கிச்சடி கிண்டுவது, பாத்திரம் கழுவுவது, சளி மூக்கைத் துடைப்பது, பாயை நனைத்த பிள்ளைக்கு ஜட்டி மாற்றுவது எல்லாம் என் வேலை. பாட்டும் கதையும் டீச்சர் வேலை. ஆனால் எங்கள் டீச்சருக்கு முழங்கால் வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. ஆகவே முக்கால்வாசி நாள் பாட்டும் கதையும் என் தலையில்தான் விழும். தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் திருப்பிச் சொல்லி, நடுவில் ஒரு வங்காளிப் பிள்ளை உதட்டைப் பிதுக்கினால் அதற்கென்று ரெண்டு வங்காளி வார்த்தையும் கைவசம் வைத்திருப்பேன். பிள்ளைகளுக்கு யார் டீச்சர், யார் ஹெல்ப்பர் என்றெல்லாம் தெரியாது. யார் பாடுகிறார்களோ அவர்கள் மடியில் ஏறும்.

ஒருநாள் சூப்பர்வைசர் அம்மா வந்தார். டீச்சர் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப் போகிறார் என்றும், அந்த இடத்துக்கு என் பெயரையே எழுதி அனுப்ப ஆசை என்றும் ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் நிறுத்தி, "பத்தாவது பாஸ்தானே?" என்றார்.

நான் கிச்சடியைக் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

"பாஸ் இல்லன்னா வெளியிலேர்ந்து ஆள் வரும். நீங்க ஹெல்ப்பராவே இருப்பீங்க. அதுலயும் ஒண்ணும் தப்பில்ல."

தப்பில்லையா? பதினாறு வருஷம் நான் பாடின பாட்டை இன்னொருத்தி வந்து பாடுவாள், நான் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு கேட்க வேண்டும். அன்றைக்கே ஓப்பன் ஸ்கூலில் சேருவதற்கு ஃபாரம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது, அதில் கணக்கு இருக்கிறது என்று.

கணக்குக்கும் எனக்கும் உள்ள பகையைச் சொல்ல வேண்டும். என் அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். நிக்கோபார் பக்கம் ஒரு தீவில், ரப்பர் தோட்டத்தில் அவர்களைக் குடியமர்த்தினார்கள். நான் பிறந்தது அங்கேதான். வாரத்துக்கு ஒரு கப்பல் வந்தால் பெரிய சங்கதி. கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் நின்று பார்ப்போம். தூரத்தில் கப்பலின் மூக்கு திரும்பி ஜெட்டிப் பக்கம் வந்தவுடனே, "வந்திருச்சு, வந்திருச்சு" என்று ஊரே கிளம்பும். வால் இன்னும் நடுக்கடலில் கிடக்கும். அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? எங்களுக்கு மூக்கு வந்தால் கப்பல் வந்தாச்சு.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு கணக்கு சார். மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்த நாளிலிருந்து திரும்பிப் போகும் கப்பலையே எண்ணிக்கொண்டிருந்தவர். ஒருநாள் போர்டில் ஒரு கணக்கு எழுதினார். நூற்றிருபது மீட்டர் நீளமுள்ள ரயில், நொடிக்குப் பதினைந்து மீட்டர் வேகத்தில் போகிறது. நூற்றெண்பது மீட்டர் நீளமுள்ள பிளாட்பாரத்தை எத்தனை நொடியில் கடக்கும்?

நான் சட்டென்று பன்னிரண்டு என்றேன். நூற்றெண்பதைப் பதினைந்தால் வகுத்தால் பன்னிரண்டுதானே. தப்பு என்றார். ஏன் தப்பு என்று சொல்லவில்லை. சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? எழுந்து கேட்டேன்.

"சார், பிளாட்பாரம்னா ஜெட்டி மாதிரிதானே? ரயில் ஏன் நிக்காம கடந்து போகுது? அப்ப ஆளுக எப்படி ஏறுவாக?"

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்ததால் வகுப்பும் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று அதில் ஒருத்தருக்கும் தெரியாது, அவர்களும் ரயில் பார்த்தவர்கள் இல்லை. "ரயிலையே கண்ணால பாக்காத ஜென்மங்களுக்கு ரயில் கணக்கு சொல்லிக் குடுக்கிறேன் பாரு, என் தலையெழுத்து. உக்காரு," என்றார்.

உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். அதற்குப் பிறகு கணக்கு வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பத்தாவதில் கணக்கில் மட்டும் ஃபெயில். திருப்பி எழுதச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். இப்போது யோசித்தால், ஊரை விட்டு, பெண்டாட்டி பிள்ளையை விட்டு வந்த மனுஷன், பாவம் என்று தோன்ற வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. பாவமாவது ஒன்றாவது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஓப்பன் ஸ்கூல் வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு அரசுப் பள்ளியின் காலி அறையில் நடந்தது. பதினோரு பொம்பளைகள். மீன் விற்கிற தெலுங்கு அம்மா ஒருவர், தையல்கடை வைத்திருந்த மலையாளி அக்கா ஒருவர், மற்றவர்கள் என்னைப் போல எங்கெங்கோ ஹெல்ப்பர்கள். பாடம் ஹிந்தியில். பரீட்சையை அவரவர் பாஷையில் எழுதிக்கொள்ளலாம்.

கணக்குக்கு வந்த மிஸ்ஸைப் பார்த்ததும் எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. வடக்கே டிக்லிபூர்த் தீவுப் பக்கம் வங்காளி வீட்டுப் பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் மூத்த மகள் உயரம். எங்களையெல்லாம் தீதி, தீதி என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டது. நாங்கள் பதிலுக்கு மிஸ் என்போம். இது என்னத்தைச் சொல்லிக் கொடுத்து, நான் என்னத்தைப் பாஸ் பண்ணி என்று நினைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பழைய இடம்.

நாலைந்து வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. போர்டில் இருப்பதை நோட்டில் எழுதுவேன், நோட்டை மூடுவேன். மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. என் நோட்டை வாங்கி எழுத்தையெல்லாம் தாண்டி எண்களை மட்டும் பார்க்கும், சரியென்றால் ஒரு மீன் வரையும். எல்லாரும் டிக் போடுவார்கள், இந்தப் பிள்ளை மீன் போட்டது. என் நோட்டில் அதுவரைக்கும் ரெண்டோ மூணோ மீன்.

ஆறாவது ஞாயிறு என்று நினைக்கிறேன். மிஸ் போர்டில் எழுத ஆரம்பித்தது. ரயில். பிளாட்பாரம். அதே நூற்றிருபது, அதே நூற்றெண்பது. ஒருவேளை புத்தகம் எழுதுகிறவர்களுக்கு வேறு ரயிலே கிடையாதோ என்னமோ. எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. மிஸ் என்னைப் பார்த்து, "தீதி, நீங்க சொல்லுங்க" என்றது. ஹிந்தியில் நடந்த பேச்சுத்தான், தமிழில் எழுதுகிறேன்.

"பன்னெண்டு," என்றேன்.

மிஸ் தப்பு என்று சொல்வதற்குள் நானே எழுந்துவிட்டேன். "தப்புன்னு எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமா அது தப்புதான். அதை விடுங்க. ஜெட்டி இருக்கிறது கப்பல் நிக்கிறதுக்கு. பிளாட்பாரம் இருக்கிறது ரயில் நிக்கிறதுக்கு. அப்புறம் ஏன் நிக்காம போகுது? மொதல்ல அதைச் சொல்லுங்க. அப்புறம் கணக்குப் பண்ணலாம்." குரல் வேறு ஏறிவிட்டது. சிரிக்கப் போகிறார்கள் என்று ரெண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மிஸ் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கையில் உருட்டியது.

"எனக்கும் தெரியாது தீதி," என்றது. "நானும் ரயில் பாத்ததில்ல."

ஒரு டீச்சர் வாயிலிருந்து 'எனக்குத் தெரியாது' என்று வந்ததை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் கேட்டேன். மிஸ் கையைத் தூக்கச் சொன்னது, யாரெல்லாம் ரயில் பார்த்திருக்கிறீர்கள் என்று. பதினோரு பேரில் மலையாளி அக்கா மட்டும் கையைத் தூக்கினார். எல்லாரும் ஆவலாய்த் திரும்பினோம். "கல்யாணம் முடிஞ்சு கப்பல் ஏற வரும்போது ரயில்ல வந்தேன். அழுது அழுது தூங்கிட்டேன். ஒண்ணும் ஞாபகம் இல்ல," என்றார். தூக்கின கையை அப்படியே இறக்கிவிட்டார்.

"சரி," என்றது மிஸ். "அப்ப நாமே ஒரு ரயில் ஆகலாம். எல்லாரும் வெளிய வாங்க."

வராந்தாவின் இந்த முனையில் ஒரு கோடு, அந்த முனையில் ஒரு கோடு கிழித்தது. அதுதான் பிளாட்பாரம். எங்களை முன்னால் இருப்பவர் தோளில் கை வைத்து வரிசையாக நிற்க வைத்தது. கேள்வி கேட்டவள் நான் என்பதால் நான்தான் இன்ஜின், இந்த முனைக் கோட்டில் நின்றேன். மீன்கார அம்மா கடைசிப் பெட்டி. நாற்பதும் ஐம்பதும் வயசான பொம்பளைகள், சேலையும் சுடிதாருமாக, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு நிற்கிறோம். வாட்ச்மேன் டீ கிளாஸோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. மிஸ் போனில் நொடி பார்க்கத் தயாராகி, "சலோ" என்றது.

நடந்தோம். நான் விறுவிறு என்று போய் அந்த முனைக் கோட்டை மிதித்து, "கடந்தாச்சு" என்றேன். மிஸ் நொடியை நிறுத்தவில்லை. என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்து, "கடைசிப் பெட்டி, நீங்க கடந்துட்டீங்களா?" என்று கேட்டது.

"நான் எங்க கடந்தேன்? இன்னும் வராந்தாவுக்குள்ளதான நிக்கிறேன்," என்றார் மீன்கார அம்மா. "என்னை விட்டுட்டு இவ எங்க போறா?"

நான் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் பத்துப் பேர். பத்துப் பேரும் இன்னும் பிளாட்பாரத்தில். கோட்டைத் தாண்டி நின்றது என் மூக்கு மட்டும்தான்.

அந்த நிமிஷம் எனக்கு என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. மண்டைக்குள் இருபத்தாறு வருஷமாகச் சிக்கிக் கிடந்த முள் ஒன்று, யாரும் தொடாமலே வெளியே வந்துவிட்டது. நான் மூக்கை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். வாலை விட்டுவிட்டேன். ஜெட்டியில் நின்று கப்பல் பார்த்தவள் வேறு எப்படிப் போடுவாள்? மேலே நடந்தேன், மீன்கார அம்மா கோட்டைத் தாண்டும்வரைக்கும் நடந்தேன். "நூத்தெண்பது இல்ல மிஸ். நூத்தெண்பதும் நூத்திருபதும். முந்நூறு. இருபது நொடி," என்றேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. எல்லாருக்கும் வந்துவிட்டது. இன்னொரு தடவை போகலாம் என்று மலையாளி அக்காதான் முதலில் சொன்னார். மூன்று தடவை போனோம். மூன்றாவது தடவை ஊதுகிற சத்தத்துக்கு வாட்ச்மேனையும் சேர்த்துக்கொண்டோம்.

இதோடு முடிந்திருந்தால்கூட எனக்கு வாழ்நாளுக்குப் போதும். ஆனால் அடுத்த ஞாயிறு மிஸ் வகுப்புக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக என் பெஞ்சுக்கு வந்தது. கல்கத்தாவில் இருக்கிற மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்டதாம். வேகமாகப் போகிற ரயில்கள் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காதாம். அங்கே ஏற வேண்டியவர்கள் மெதுவாக வருகிற வேறு ரயிலுக்குக் காத்திருப்பார்களாம். "நீங்க கேட்டது நல்ல கேள்வி தீதி. மாமாவே கொஞ்சம் யோசிச்சுத்தான் சொன்னார்," என்றது.

என் கேள்வியை ஒருத்தர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு வாரம் வைத்திருந்து, கடல் தாண்டிப் போன் போட்டு, பதிலோடு திரும்பக் கொண்டுவந்து கொடுக்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிஸ் பார்த்துவிடக்கூடாதென்று நோட்டைத் தேடுகிற மாதிரி பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அன்றைக்கு முதல் பெஞ்சுக்கு மாறினேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கணக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொன்னார். அவர் பம்ப் ஹவுஸில் வேலை. தண்ணீர்த் தொட்டி நிரம்ப எத்தனை நேரம் என்று அவரைக் கேட்டுக் குடைந்தேன். சிப்பிகாட்டுப் பண்ணைக்கு விதை வாங்கப் போனபோது பாக்குமரத்தில் சாய்த்திருந்த ஏணியைப் பார்த்து, மரம் எவ்வளவு உயரம் என்று வழியில் நின்று கணக்குப் போட்டேன். குழம்பில் ரெண்டு தடவை உப்புப் போட்டேன்.

"ஏ புள்ள, படிச்சுக் கிழிச்சது போதும், இதை யாரு திங்கிறது?" என்றார்.

"நீங்கதான் சின்ன வயசுல மெயின்லேண்டு போயி ரயிலெல்லாம் ஏறினவராச்சே," என்று சொல்லி அந்த ரயில் கணக்கை அவரிடம் போட்டேன். விரல் விட்டு எண்ணி, ரொம்ப நேரம் முகட்டைப் பார்த்து, பன்னிரண்டு நொடி என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரயிலைப் பார்க்காததுதான் என் குறை என்று அந்த சார் சொன்னாரே, பார்த்தவருக்கும் பன்னிரண்டுதான். அந்த உப்புக் குழம்பை அவர் பேசாமல் சாப்பிட்டார்.

பரீட்சைக்கு முந்தின வாரம் சூப்பர்வைசர் அம்மா மறுபடி வந்தார். டீச்சர் போகிற தேதி வந்துவிட்டது. வெளியிலிருந்து ரெண்டு பேர் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். ரிசல்ட் வரும்வரைக்கும் உங்கள் பெயரை வைத்திருக்கிறேன், அதற்கு மேல் என்னால் ஆகாது என்றார். எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பரீட்சை ஹாலில் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரயில் இல்லை. முன்னால் பின்னால் எங்கும் இல்லை. நான் அதற்காகவே ஒரு வருஷம் குளித்து முழுகிக் காத்திருந்தால், அது வரவே இல்லை. பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிறகு மிஸ் சொன்னது ஞாபகம் வந்தது. தெரியாவிட்டால் பேனாவை வைத்துவிட்டு, என்ன புரியவில்லை என்று உங்களையே கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்டேன். முதல் கேள்வியில் ஒரு ஏணி இருந்தது. சுவரில் சாய்ந்திருந்தது. அட, இது நம்ம சிப்பிகாட்டு ஏணிதானே என்று எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு கணக்கிலும், இதில் வால் எது, எதை விட்டுவிட்டேன் என்று தேடித் தேடி எழுதினேன். மணி அடித்தபோது இன்னும் ஒரு கணக்கு பாக்கி. பிடுங்கிக்கொண்டு போனார்கள். சண்டை போட்டேன்.

ரிசல்ட் வந்த அன்று அடுப்பில் கிச்சடி இருந்தது. போனில் பார்த்துச் சொன்னது என் மகள். கணக்கில் ஐம்பத்தெட்டு. பாஸ். கரண்டியை வைத்துவிட்டுப் போய்ப் பிள்ளைகள் நடுவில் பாயில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் அழுகிறாய் என்று நாலு பாஷையில் கேட்டார்கள். கிச்சடி அடிப்பிடித்தது. அந்த அங்கன்வாடியில் நான் கிண்டிய கடைசிக் கிச்சடி ஏறக்குறைய அதுதான். அதற்கப்புறம் பாட்டும் கதையும்தான் என் வேலை.

மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். கத்தி ஆர்ப்பாட்டம் பண்ணும் என்று நினைத்தேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "பேப்பர்ல ரயில் வந்துச்சா தீதி?" என்றது.

"வரல மிஸ்."

"அப்ப அது பாக்கி இருக்கு," என்றது.

போன மே மாதம், கோயம்புத்தூர்ப் பக்கம் என் சித்தப்பா மகள் வீட்டில் கல்யாணம். நாங்கள் கப்பலில் சென்னை வந்து இறங்கி, அங்கிருந்து ரயில் ஏறினோம். என் முதல் ரயில். நல்லாத்தான் இருந்தது. ஆனால் அது நின்றுகொண்டிருந்த ரயில், ஏறி உட்கார்ந்த பிறகு புறப்பட்டது. கப்பலும் அதைத்தான் செய்கிறது. எனக்கு வேண்டியது அது இல்லை.

கல்யாண வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். ரெண்டு பெஞ்சு, ஒரு வேப்பமரம். மண்டபத்தில் எல்லாரும் தூங்குகிற மத்தியான நேரம் போய், வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன். நிற்காத ரயில் எப்போது வரும் என்று கேட்டதற்கு, அங்கே இருந்த ஊழியர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இன்னும் பத்து நிமிஷத்தில் என்றார். மிஸ்ஸுக்கு வீடியோ கால் போட்டேன். மிஸ் வீட்டு மாடியில் நின்று எடுத்தது. துணி காய்ந்துகொண்டிருந்தது, பின்னால் கடல்.

தூரத்தில் மூக்கு தெரிந்தது. போனை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அப்பா, அந்தச் சத்தம். தரை அதிர்ந்தது. சேலை முகத்தில் அடித்தது. இன்ஜின் எங்களைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, பிளாட்பாரத்தின் அந்த முனையையும் தாண்டிவிட்டது.

"போயிருச்சு, வா," என்று எழுந்தார் வீட்டுக்காரர்.

"இருங்க. வால் வரல."

பெட்டி, பெட்டி, பெட்டியாக வந்துகொண்டே இருந்தது. எனக்கு மீன்கார அம்மாவும், மலையாளி அக்காவும், வாட்ச்மேன் ஊதினதும் ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டே நின்றேன். கடைசிப் பெட்டி வந்தது. அதில் நின்றவர் பச்சைக்கொடியைப் பிடித்திருந்தார். நான் கையாட்டினேன், அவரும் ஆட்டினார். அந்தப் பெட்டியும் முனையைக் கடந்தது. அப்புறம் ஒரே அமைதி. போனிலும் சத்தமில்லை. கால் கட்டாகிவிட்டதோ என்று திருப்பிப் பார்த்தேன். கட்டாகவில்லை. மிஸ் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"இப்ப கடந்துச்சு தீதி," என்றது. பிறகு ஞாபகம் வந்த மாதிரி, "எத்தனை நொடி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எண்ண மறந்துட்டேன் மிஸ். நீங்க?"

"நானும்தான்."

வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். மண்டபத்தில் தேடுவார்கள், சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினார். நான் ஊழியரிடம் போய் அடுத்த நிற்காத ரயில் எப்போது என்று கேட்டுவந்தேன். முக்கால் மணி நேரமாம். மிஸ் துணியை எடுத்து வைத்துவிட்டு வருகிறேன், கட் பண்ணாதீங்க என்றது. நான் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.